லிஸ்ட்ல 200 அதிர்வெண்... ஆபத்து எதுல? பாலமும் கட்டடமும் ஆடுவதை கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமா?

2021 மே 18. சீனாவின் ஷென்ஜென் நகரில் உள்ள எஸ்இஜி பிளாசா என்ற வானுயரக் கட்டடம் திடீரென ஆடத் தொடங்கியது. நிலநடுக்கம் எதுவும் இல்லை. புயலும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் படிகளில் இறங்கி வெளியேறினார்கள். சாலையில் நின்றவர்கள் மேலே பார்த்துக்கொண்டே ஓடினார்கள். அந்த வீடியோ சில மணி நேரத்தில் உலகம் முழுக்க மொபைல்களில் சுற்றியது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2020 மே 5 அன்று, அதே குவாங்தொங் மாகாணத்தில் ஹூமென் தொங்குபாலம் அலை அலையாக ஆடியது. 888 மீட்டர் நீள நடுப்பகுதி கொண்ட பாலம் அது. வாகனங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே தளம் ஏறி இறங்கியது.

இரண்டு சம்பவங்களிலும் எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால், பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்த கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய கட்டுமானத்தை கம்ப்யூட்டர்ல டெஸ்ட் பண்ணாமலா கட்டியிருப்பாங்க?"

இப்படிப்பட்ட கட்டுமானங்களுக்கு அதிர்வுக் கணக்கு போடுவது வழக்கமான வேலைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு கட்டுமானம் எப்படியெல்லாம் ஆடக்கூடும் என்று நூற்றுக்கணக்கான வழிகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். அதில் எது நிஜத்தில் நடக்கும், எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை மனிதர்தான் தேர்வு செய்ய வேண்டும். அந்தத் தேர்வில்தான் தவறு நடக்கிறது.

முதலில், இந்த 'மோடு' என்றால் என்ன?

எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது தனக்கென்று சில குறிப்பிட்ட வேகங்களில் அதிரும். அந்த வேகம்தான் இயல்பு அதிர்வெண். சிமுலேஷன் மென்பொருள்களில் இதற்கு ஈகன்ஃப்ரீக்வென்சி என்று பெயர். ஒரு நொடிக்கு ஒரு முறை முன்னும் பின்னும் போய் வந்தால் அது 1 ஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் ஆட்ட வடிவம் உண்டு. எந்தப் பகுதி மேலே போகும், எது கீழே வரும், எது அசையாமல் நிற்கும் என்பது அந்த வடிவம். அதிர்வெண்ணும் வடிவமும் சேர்ந்ததுதான் 'மோடு'.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கும் கரணை வெறும் அலங்காரம் இல்லை. சாதாரண மேளத்தோலின் மோடுகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. நடுவில் கரணையின் எடையை ஏற்றியதும் அந்த அதிர்வெண்கள் இடம் மாறி, ஒன்றோடொன்று இசைந்து வருகின்றன. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் இதைத்தான் ஆய்வு செய்தார். தோலின் மேல் மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் போய் நிற்கிறது என்று பார்த்து மோடுகளைப் படம் பிடித்தார். அவருடைய முதல் கட்டுரை 1920-ல் வெளியானது.

எடையும் விறைப்பும்தான் இங்கே எல்லாம். எடை கூடினால் அதிர்வெண் குறையும். விறைப்பு கூடினால் அதிர்வெண் ஏறும், ஆனால் மெதுவாகத்தான். விறைப்பை 4 மடங்காக்கினால் அதிர்வெண் 2 மடங்கு மட்டுமே ஏறும். கட்டி முடித்த பாலத்தின் அதிர்வெண்ணை மாற்றுவது ஏன் செலவு பிடிக்கும் வேலை என்பது இதிலிருந்தே புரியும்.

சரி, கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

பாலத்தின் மாடலை மென்பொருள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் எடையும் விறைப்பும் கொடுக்கப்படும். பிறகு, "வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் இது தானாக எந்தெந்த வேகங்களில் ஆட முடியும்?" என்ற கேள்விக்கு விடை தேடும்.

மாடலில் எத்தனை நகரும் வழிகள் இருக்கின்றனவோ, அத்தனை மோடுகள் வரும். கோட்பாட்டளவில் லட்சக்கணக்கில். நடைமுறையில் பொறியாளர் முதல் 50, 100, 200 என்று ஓர் எண்ணிக்கையைக் கேட்பார். ஸ்கிரீனில் பாலம் வண்ண வண்ணமாக வளைந்து நெளியும்.

இங்கேதான் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் ஏமாறுகிறார்கள். ஸ்கிரீனில் பாலம் 10 மீட்டர் வளைவது போலத் தெரிந்தாலும், அந்த அளவுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இந்தக் கணக்கில் விசையே இல்லை. ஆட்டத்தின் வடிவம் மட்டும்தான் உண்மை. அளவை, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மென்பொருள் தன் வசதிக்கு வைத்துக்கொள்கிறது. 'மோடு 7 பார்க்க பயங்கரமா இருக்கு' என்பது ஒரு முடிவே இல்லை.

அப்படியானால் எது முடிவு? அதைச் சொல்ல லண்டனுக்குப் போக வேண்டும்.

இரண்டே நாளில் மூடப்பட்ட பாலம்

2000 ஜூன் 10. தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் பாலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு கரையில் செயின்ட் பால்ஸ் தேவாலயம், மறு கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடம். நடந்து செல்பவர்களுக்கு மட்டுமான, மிக மெல்லிய தோற்றம் கொண்ட, 325 மீட்டர் நீள தொங்குபாலம். வடிவமைப்பில் பங்கேற்றவர்கள் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம், சிற்பி ஆண்டனி காரோ, பொறியியல் நிறுவனமான ஆரப். மூவருமே தங்கள் துறையில் உலக அளவில் பெயர் பெற்றவர்கள்.

முதல் நாளில் மட்டும் 80,000 முதல் 1 லட்சம் பேர் வரை நடந்தார்கள். ஒரே நேரத்தில் பாலத்தின் மேல் 2,000 பேர் வரை இருந்தார்கள். கூட்டம் கூடியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. நடுப்பகுதி சில சமயம் சுமார் 7 செ.மீ வரை இப்படியும் அப்படியும் போனது. மக்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கால்களை அகட்டி வைத்து, படகில் நடப்பது போல நடந்தார்கள்.

ஜூன் 12 அன்று பாலம் மூடப்பட்டது. மறுபடி திறந்தது 2002 பிப்ரவரி 22-ல். இடையில் ஏறத்தாழ 20 மாதங்கள். கூடுதலாக சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு.

கணக்கு தப்பா? இல்லை, கேள்விதான் தப்பு

மனிதர் சாதாரணமாக நடக்கும்போது நொடிக்கு சுமார் 2 அடி எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் தரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறார். அதனால் 2 ஹெர்ட்ஸ் அருகே மேலும் கீழுமாக ஆடும் மோடுகள் ஆபத்தானவை. இது பாலம் கட்டும் எல்லோருக்கும் தெரியும். அன்றைய விதிமுறைகளும் அதைத்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொன்னன.

ஆனால், நடக்கும்போது நாம் பக்கவாட்டிலும் தள்ளுகிறோம். இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறு பக்கம். இரண்டு அடிக்கு ஒரு சுற்று என்பதால், பக்கவாட்டு விசையின் வேகம் பாதி, அதாவது சுமார் 1 ஹெர்ட்ஸ். அந்த விசை மிகச் சிறியது. கீழ்நோக்கிய துடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தவிர, ஆயிரம் பேர் நடந்தால் ஆளுக்கொரு நேரத்தில் கால் வைப்பார்கள். ஒருவர் இடதுபக்கம் தள்ளும்போது இன்னொருவர் வலதுபக்கம் தள்ளுவார். மொத்தத்தில் அடிபட்டுப் போகும் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம்.

பாலம் மூடப்பட்ட பிறகு ஆடிய மோடுகள் எவை என்று அளந்து பார்த்தார்கள். நடுப்பகுதியில் சுமார் 0.5 ஹெர்ட்ஸ், 0.95 ஹெர்ட்ஸ். தென்பகுதியில் 0.8 ஹெர்ட்ஸ். எல்லாமே பக்கவாட்டு மோடுகள். கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியாத ரகசியம் எதுவும் அதில் இல்லை. அந்த மோடுகளைத் தட்டி எழுப்பும் விசை எது என்ற இடத்தில்தான் ஓட்டை இருந்தது.

பாலம் லேசாக ஆடியதும், மேலே நடப்பவர்கள் விழாமல் இருக்க தங்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றம் பாலத்தை இன்னும் கொஞ்சம் தள்ளியது. பாலம் கூடுதலாக ஆட, நடையும் கூடுதலாக மாறியது. விசை ஆட்டத்தை உண்டாக்க, ஆட்டம் விசையை வளர்த்தது.

ஆரப் குழு இதைச் சோதனை செய்தபோது ஓர் ஆச்சரியம் கிடைத்தது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சேரச் சேர ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை. வடபகுதியில் சுமார் 160 பேர் வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாண்டி இன்னும் சிலர் ஏறியதும் ஆட்டம் சட்டென்று எகிறியது. இதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதன் இந்தப் பக்கம் பாதுகாப்பு, அந்தப் பக்கம் தலைவலி.

மக்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் நடக்கத் தொடங்கியதால்தான் ஆடியது என்று முதலில் விளக்கம் சொல்லப்பட்டது. கணிதவியலாளர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் குழுவின் 2005 ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. 2021-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது: ஒரே தாளம் தேவையே இல்லை. ஒவ்வொருவரும் விழாமல் இருக்கக் காலை எங்கே வைக்கிறார்கள் என்பதே பாலத்துக்கு ஆற்றலைக் கொடுக்கப் போதும். தாளம் ஒத்துப்போவது பிறகு வந்து சேரலாம்.

இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. 1975-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் ஒரு பேரணியின்போது இதே பக்கவாட்டு ஆட்டம் நடந்திருக்கிறது. ஜப்பானில் ஒரு நடைபாலம் பற்றி 1993-ல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. பாரிஸில் 1999 டிசம்பரில் திறந்த சோல்ஃபெரினோ நடைபாலமும் இதே காரணத்துக்காக மூடப்பட்டது. தகவல் உலகத்தில் இருந்தது. விதிமுறைப் புத்தகத்தில் இல்லை.

முக்கியமான மோடை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரே பட்டன் கிடையாது. சிமுலேஷன் வேலையில் இருப்பவர்கள் பட்டியலை வடிகட்டக் கேட்கும் கேள்விகள் இவை.

1. தள்ளுவது யார், எந்த வேகத்தில்?

பட்டியலைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய பதில் இது. நடைபாலம் என்றால் மேலும் கீழும் 2 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், பக்கவாட்டில் 1 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் மோட்டார் என்றால் 25 ஹெர்ட்ஸ். இந்த வேகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மோடுகள் முதல் சுற்றில் தேர்வாகும்.

ஓடும் வேகம் மட்டும் போதாது என்பதை வீட்டு வாஷிங் மெஷினே சொல்லிக்கொடுக்கும். முழு வேகத்தில் சுற்றும்போது அது ஓரளவு அமைதியாக இருக்கும். ஸ்பின் முடிந்து வேகம் குறையும்போதுதான் சில நொடிகள் தடதடவென்று குதிக்கும். அந்த நொடிகளில் அது தன்னுடைய இயல்பு அதிர்வெண்ணைக் கடந்துபோகிறது. அதனால், வேகம் ஏறி இறங்கும் இயந்திரங்களில் வழியில் வரும் மோடுகளையும் பார்த்தாக வேண்டும்.

2. எந்தத் திசையில் எவ்வளவு எடை நகர்கிறது?

ஒரு மோடில் மொத்தக் கட்டுமானத்தின் எடையில் எவ்வளவு பங்கு ஒரே திசையில் நகர்கிறது என்பதை மென்பொருள் எண்ணாகவே கொடுக்கும். நிலநடுக்கக் கணக்குக்கு இது அடிப்படை. தரை முழுவதும் ஒரு பக்கம் நகரும்போது, அதிக எடையை நகர்த்தும் மோடுகள்தான் பெரிய விசையை இழுக்கும். இந்தியாவின் நிலநடுக்க விதியான ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பு, கணக்கில் எடுக்கும் மோடுகள் எல்லாம் சேர்ந்து மொத்த எடையில் குறைந்தது 90 சதவிகிதத்தை உள்ளடக்க வேண்டும் என்கிறது. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு டைனமிக் கணக்கு போடும் பொறியாளரும் இந்த 90-ஐத் தொட்டாக வேண்டும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பாலத்தின் ஒரு பாதி இடதுபக்கமும் மறு பாதி வலதுபக்கமும் போகும் மோடை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் வரும். எண்ணை மட்டும் நம்புபவர் 'இது தேவையில்லை' என்று அடித்துவிடுவார். நிலநடுக்கத்துக்கு அது ஓரளவு சரி. நடந்து போகும் கூட்டத்துக்கு அது தவறு. காரணம், ஒவ்வொரு பாதியிலும் நடப்பவர்கள் தங்கள் காலடியில் இருக்கும் பாதியைத்தான் தள்ளுகிறார்கள். அது எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கேற்பத்தான் கால் வைக்கிறார்கள்.

லண்டன் பாலத்தின் நடுப்பகுதியில் ஆடிய 0.95 ஹெர்ட்ஸ் மோடு இதே ரகம். அந்தப் பகுதியின் இரண்டாவது பக்கவாட்டு மோடு அது. ஒரே அளவுகோல் எல்லா விசைக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

3. முழு உடம்பும் ஆடுதா, ஒரு மூலை மட்டுமா?

பட்டியலில் பாதி மோடுகள் ஏதாவது ஒரு மெல்லிய தகடு, ஒரு கேபிள், ஒரு கைப்பிடி மட்டும் அதிர்வதாக இருக்கும். பல சமயம் அவற்றை ஒதுக்கிவிடலாம். எப்போதும் அல்ல. ஷென்ஜென் கட்டடத்தை ஆட்டியது கூரை மேல் நின்ற கம்பம். காற்று அதைக் கடக்கும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் உருவாகி, கம்பத்தை ஒத்ததிர்வில் ஆட்டின. அந்த ஆட்டம் கட்டடத்தின் முதல் மோடை அல்ல, உயர் வரிசை மோடு ஒன்றை எழுப்பியது. கம்பத்தை அகற்றிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் கட்டடம் மறுபடி திறக்கப்பட்டது. 'முதல் சில மோடு பார்த்தால் போதும்' என்ற பழக்கத்துக்கு அது ஓர் எச்சரிக்கை.

ஹூமென் பாலத்தில் இன்னும் சின்ன விஷயம். பராமரிப்பு வேலைக்காகக் கைப்பிடி ஓரமாக வரிசையாக வைத்த தடுப்புகள் காற்று பாயும் வடிவத்தையே மாற்றிவிட்டன. அவற்றை எடுத்த பிறகு, சோதனைகள் முடித்து, மே 15-ல் போக்குவரத்து தொடங்கியது.

4. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்?

தட்டினால் உடனே அடங்கும் பொருளும் உண்டு, நெடுநேரம் ரீங்காரமிடும் பொருளும் உண்டு. இந்த அடங்கும் தன்மைதான் தணிப்பு. இரண்டு மோடுகளும் ஒரே ஆபத்தான வேகத்தில் இருந்தால், தணிப்பு குறைவான மோடுதான் முதல் எதிரி. மெலிதான ஸ்டீல் பாலங்களில் தணிப்பு இயல்பாகவே மிகக் குறைவு. சாதாரண ஈகன்ஃப்ரீக்வென்சி பட்டியலில் இந்தத் தகவலே இருக்காது. தனியாகக் கொடுக்க வேண்டும், அல்லது அளக்க வேண்டும்.

லண்டனில் தீர்வும் இந்த வழியில்தான் வந்தது. பாலத்தை விறைப்பாக்கியிருந்தால் தோற்றமே மாறியிருக்கும். அதற்குப் பதில் அடியில் ஆட்டத்தை உறிஞ்சும் 37 திரவ டாம்பர்களையும், 50-க்கும் மேற்பட்ட எடை டாம்பர்களையும் பொருத்தினார்கள். ஆரப் கண்டுபிடித்த கணக்குப்படி, தணிப்பை இரண்டு மடங்காக்கினால் பாலம் தாங்கும் கூட்டமும் இரண்டு மடங்காகும். மறுதிறப்புக்கு முன் சுமார் 2,000 பேரை நடக்கவிட்டுப் பார்த்த பிறகே பாலத்தை மக்களுக்குக் கொடுத்தார்கள். தைவானின் தைபே 101 கட்டடத்தில் தொங்கும் 660 டன் உருண்டையும் இதே குடும்பம்தான்.

5. மாடல் நிஜத்தைப் போலவே இருக்கிறதா?

எங்கேயும் பிணைக்கப்படாத மாடலில் முதல் 6 மோடுகள் பூஜ்ய ஹெர்ட்ஸில் வரும். பொருள் மொத்தமாக 3 திசைகளில் நகர்வதும் 3 அச்சுகளில் திரும்புவதும் அவை. பாலத்தின் மாடலில் இப்படி ஒன்று வந்தால், ஏதோ ஒரு தாங்கியை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். நேரத்தை மிச்சப்படுத்தப் பாதிப் பாலத்தை மட்டும் வரைந்து, 'மறுபாதி இதே போல' என்று கணக்கு போட்டால், இரு பாதியும் எதிரெதிராக ஆடும் மோடுகள் பட்டியலிலேயே வராது. இல்லாத மோடை யாரும் தேர்வு செய்ய முடியாது.

கட்டிய பிறகும் நிஜம் மாறிக்கொண்டே இருக்கும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கடற்கரைப் பகுதியில் 8.0 அளவில் நிலநடுக்கம். சுமார் 350 கி.மீ தொலைவில் இருந்த மெக்சிகோ சிட்டியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண் அங்கே சுமார் 2 நொடிக்கு ஒரு முறை ஆடியது. அதிகம் அடிவாங்கியவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். விரிசல் விட விட அவற்றின் விறைப்பு குறைந்தது. அதிர்வெண் இறங்கி, மண்ணின் தாளத்துக்கு இன்னும் நெருக்கமாகப் போனது. 40 மாடிகளுக்கு மேல் உயர்ந்த லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் அதே நகரத்தில் நின்றது.

டகோமா பாலம்: பாடப்புத்தகம் சொன்னது சரியா?

ஒத்ததிர்வு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலம். 1940 ஜூலை 1-ல் திறந்து, நவம்பர் 7-ல் முறுக்கிக்கொண்டு கடல் நீரிணையில் விழுந்த பாலம். காற்றின் வேகம் மணிக்கு சுமார் 67 கி.மீ மட்டுமே. 'காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனதால் விழுந்தது' என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்.

நடந்தது அதுவல்ல. பாலம் திறந்த நாளிலிருந்தே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று காலை கேபிளை நடுவில் பிடித்திருந்த பட்டை நழுவியது. அதன் பிறகு ஆட்டம் முறுக்கலாக மாறியது. அந்த முறுக்கலே காற்றிலிருந்து ஆற்றலை இழுத்துக்கொண்டு தன்னைத் தானே வளர்த்தது. லண்டனில் நடப்பவர்கள் செய்ததை டகோமாவில் காற்று செய்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது: ஈகன்ஃப்ரீக்வென்சி பட்டியல் ஒரு தொடக்கம் மட்டுமே. 'இந்த மோடு ஆடினால், தள்ளும் விசை குறையுமா, கூடுமா?' என்ற கேள்வியை அந்தப் பட்டியலே கேட்காது.

இப்போ நிலைமை என்ன?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் பிறகு விதிமுறைகள் மாறின. ஐரோப்பிய விதிப்படி, நடைபாலத் தளத்தின் அதிர்வெண் மேலும் கீழுமான ஆட்டத்தில் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழேயோ, பக்கவாட்டிலும் முறுக்கலிலும் 2.5 ஹெர்ட்ஸுக்குக் கீழேயோ இருந்தால் தனியாகச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். பிரான்ஸ் 2006-ல் நடைபாலங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

கட்டி முடித்த பிறகு சரிபார்ப்பதும் எளிதாகிக்கொண்டிருக்கிறது. அதிர்வை அளக்கும் சென்சார் இன்று ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் காரில் கடந்தவர்களின் போன்கள் பதிவு செய்த தரவை வைத்தே அந்தப் பாலத்தின் அதிர்வெண்களைக் கண்டுபிடிக்கலாம் என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பாலத்தின் அதிர்வெண் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், எங்கோ விறைப்பு குறைகிறது என்று அர்த்தம். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது தெரியவரலாம்.

ஆனால் மென்பொருள் எவ்வளவு வேகமானாலும், போன் எவ்வளவு துல்லியமானாலும், ஒரு வேலை மனிதரிடமே மிச்சமிருக்கிறது. அந்த 200 வரிகளில் எதை வைத்துக்கொண்டோம் என்பதோடு, எதை, ஏன் ஒதுக்கினோம் என்பதையும் எழுதி வைப்பது. பெரும்பாலான அறிக்கைகளில் தேர்வான மோடுகளுக்குப் படம் இருக்கும். ஒதுக்கிய மோடுகளுக்குக் காரணம் இருக்காது. அந்தக் காரணம் எழுதப்பட்டிருந்தால், 'பக்கவாட்டு விசை ஒன்றையொன்று கழித்துவிடும் என்று எடுத்துக்கொண்டோம்' என்ற வரியைப் படிக்கும் இன்னொருவர், 'நிஜமாவே கழிச்சிடுமா?' என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வி பாலம் திறப்பதற்கு முன்பே வந்தால் செலவு ஒரு சந்திப்பு. திறந்த பிறகு வந்தால் என்ன செலவு என்பதற்கு லண்டன் கணக்கு காட்டுகிறது: 20 மாதம், 50 லட்சம் பவுண்டு. உயிர் எதுவும் போகவில்லை என்பது அவர்களின் அதிர்ஷ்டம்.